சட்ட ஆலோசனை: ஏரியா பிரிந்தால் கமிஷன் யாருக்கு?

கேள்வி: பம்ப்செட் கம்பெனி ஒன்றுக்கு ஈரோடு, கரூர் மாவட்டங்களில் கமிஷன் ஏஜென்டாக இருக்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் கரூரைப் பிரித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பிடித்த பார்ட்டிகளின் கமிஷனெல்லாம் அவருக்கே போகிறது. கணக்குக் கேட்டால் "பார்த்துச் செய்கிறோம்" என்கிறார்கள். ஒப்பந்த நகல் கைவசமில்லை. எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: வாடிக்கையாளர்கள் தங்கள் உழைப்பால் சேர்ந்தவர்களேயாயினும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் தங்கள் சொத்தாகிவிடுவதில்லை; எல்லையை மாற்றும் அதிகாரத்தை ஒப்பந்தம் கம்பெனிக்கு அளித்திருக்குமானால், பிரிவினையை ஆட்சேபிப்பதும் பயன் தராது. வழக்கை நிர்ணயிப்பது, ஒவ்வோர் ஆர்டரும் எந்தத் தேதியில், யாருடைய முயற்சியால் முடிவாயிற்று என்பதுதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவின்படி, விசேஷ ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஏஜென்டு ஏற்ற காரியம் பூர்த்தியானபின் அதற்குரிய ஊதியம் அவருக்குச் சேரவேண்டியதாகிறது. ஆகவே பிரிவினைக்கு முன் தாங்கள் முடித்துக் கொடுத்த ஆர்டரைப் பின்னர் புதியவரின் கணக்கில் எழுதியிருந்தாலும், அந்தக் கமிஷனைக் கோரத் தங்களுக்கு இடமுண்டு. பிற்பாடு வந்த ஆர்டர்களுக்கு, வெளிப்படையான ஷரத்து இருந்தாலன்றி, கோரிக்கை நிற்பது கடினம்.

கணக்குகள் யாவும் கம்பெனியிடமே இருக்கையில், தம் கமிஷனைக் கணிக்க வழியற்ற ஏஜென்டு விசேஷ சந்தர்ப்பங்களில் முதலாளியிடமிருந்தே கணக்குக் கோரி வழக்கிடலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நரந்தாஸ் – பாப்பம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தங்களுக்குள்ள பெரும் பலம் அதுவே.

ஆனால் இந்தப் பலத்தை இரண்டரை ஆண்டுகள் வீணே கரையவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். இத்தகைய பாக்கிக்குக் காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டுகள். அதுவும் கமிஷன் சேரவேண்டிய நாள்தொட்டு ஆர்டர்தோறும் தனித்தனியே ஓடுவதால், சில பாக்கிகள் இப்போதே காலாவதியாகியிருக்கவும் கூடும். "பார்த்துச் செய்கிறோம்" என்னும் வாய்ச்சொல் அந்தக் கெடுவை ஒரு நாளும் நீட்டிக்காது. கெடு முடியுமுன் கையெழுத்திட்டு எழுத்தில் தரப்படும் ஒப்புதலே அதைப் புதுப்பிக்கும். ஜீவனத்துக்கே ஆதாரமான ஒப்பந்தத்தின் நகல் கைவசமில்லை என்று ஒருவர் எழுதும்போது, எதை நம்பி அவருக்கு உறுதி கூறுவது? கமிஷன், பணம் வசூலானபின்தான் என்று அதில் ஒரு வரி இருந்தால், மேலே சொன்னதிற் பாதி மாறிவிடும்.

பழைய டீலர்களிடம் பில் நகல்களைக் கேட்டு வாங்கி, பார்ட்டிவாரியாக ஆர்டர் தேதி, சரக்கு அனுப்பிய தேதி, தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கரூரைப் பிரித்துக் கம்பெனி தந்த கடிதம் இருப்பின் அதனுடன் இந்த வாரமே ஈரோட்டில் ஒரு சிவில் வழக்கறிஞரை நேரிற் காணுங்கள். ஒப்பந்த நகல் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீசும் அவர் வாயிலாகவே, பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில் போகட்டும்.