விடுமுறை முடிந்ததும் மாறிப்போகும் ஐபி

அன்புத் தங்கைக்கு,

ஆடிப்பூரத் தேருக்காக மில்லில் லீவு விட்டபோது சர்வரை நிறுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாய். மறுநாள் ராஜபாளையம் போய் விர்ச்சுவல் மெஷினைப் போட்டால் ஐபி மாறியிருக்கிறது, கணக்குப் பிரிவில் பில்லிங் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தும் பழைய எண் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ரீஸ்டார்ட்டை இனி விட்டுவிடு. பதில் முகவரி கொடுக்கும் ரௌட்டரில் இருக்கிறது.

ரௌட்டரில் முகவரி கொடுக்கும் வேலையைச் செய்யும் டிஎச்சிபி அதைச் சொந்தமாகத் தருவதில்லை, தவணைக்குத்தான் தருகிறது. தவணையில் பாதி கழிந்ததும் மெஷின் புதுப்பித்துக்கொள்ளும். அணைத்துக் கிடக்கும் மெஷினால் அது முடியாது. ஓடத் தொடங்கியதும் பழைய எண்ணையே கேட்கும். அதற்குள் தவணை தீர்ந்து, காலையில் வைஃபையில் சேர்ந்த யாருடைய செல்போனுக்கோ அது போயிருந்தால் ரௌட்டர் மறுத்துவிடும். அரைமணி நேரம் கரண்ட் போய் வந்தால் எண் மாறாமலும், நாள் கணக்கில் அணைத்தால் மாறியும் வருவது இதனால்தான்.

ரௌட்டரில் அந்த மெஷினின் நெட்வொர்க் கார்டு அடையாளமான மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடு. ஆனால் முதலில் மேக் நிலையானதா என்று பார். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் 08:00:27, கேவிஎம் என்றால் 52:54:00 என்று பெரும்பாலும் தொடங்கும். ஹைப்பர்-வியில் டைனமிக் என்று விட்டிருந்தால், வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றி ஓடவிடும்போது மேக்கே மாறலாம். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில், நகர்த்தினாயா, நகலெடுத்தாயா என்ற கேள்விக்கு நகல் என்று சொன்னால் புது மேக் வந்துவிடும். மேக் மாறினால் ஒதுக்கீடும் வீண்.

பலரைப் பாடாய்ப்படுத்துவது உபுண்டு குளோன். இரண்டு மெஷினுக்கும் மேக் வேறு, ஆனாலும் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். 18.04 முதல் உபுண்டு சர்வர் தன்னை அடையாளம் காட்ட மேக்குக்குப் பதில், மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தை அனுப்புகிறது. குளோன் எடுக்கும்போது அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிடும். குளோனுக்கு முன் அதைக் காலியாக்கு. அல்லது உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் மேக்கையே அடையாளமாக அனுப்பச் சொல்.

விண்டோஸில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. கரண்ட் வந்தபின் ஸ்விட்சும் ரௌட்டரும் எழுவதற்குள் மெஷின் முந்திக்கொண்டிருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் (விஎம்) தாமதமாகத் தொடங்கும்படி அமைத்துவிடு.

மெஷினுக்குள் கையால் ஐபி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவருக்கு அது தெரியாது. ரௌட்டரும் அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மேக்கும் தெரியாது, தவணையும் தெரியாது. பில் போடாவிட்டால் லாரி வாசலில் நிற்கும் என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு விஎம்முக்கும் பெயர், மேக், ஐபி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவை. அடுத்த வார லீவில் எல்லாவற்றையும் அணைத்து, தவணை தீரும்வரை விட்டு, மீண்டும் போட்டுப் பார். என்ன வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்