களரும் உவரும்: ஆரணியாற்றுப் படுகையின் மண்வளத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

விளைச்சல் தராத உப்பு நிலத்தைக் குறிக்கக் களர், உவர் என்னும் இரு சொற்கள் தமிழில் தொன்றுதொட்டு வழங்குகின்றன. அகராதி மரபு இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ள, இக்கால வேளாண் அறிவியல் இவற்றை இருவேறு மண்குறைகளின் பெயர்களாக வரையறுத்துள்ளது. இவ்வேறுபாடு நிலத்தைத் திருத்தும் முறையையே மாற்றுவதாகும் என்பதை ஆரணியாற்றுப் படுகையின் நிலைகொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: களர், உவர், கலைச்சொல்லாக்கம், மண்வளம், ஆரணியாறு.

முன்னுரை

ஆந்திர மலைப்பகுதியில் தோன்றும் ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி ஆகிய ஊர்களைச் சார்ந்து ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியின் வேறானது. ஆற்று வண்டலும் ஏரிப்பாசனமும் கிணற்றுநீரும் இப்படுகையின் நெல் வேளாண்மைக்கு ஆதாரமானவை. இதன் கீழ்ப்பகுதியில் நிலத்தடி நீர் உப்பேறிய வரலாறு, மண்ணைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்த வேண்டிய தேவையை உணர்த்துகிறது.

இலக்கியத்தில் களரும் உவரும்

சங்க இலக்கிய நெய்தற் பாடல்களில் உவர் என்பது உப்பு விளையும் கடற்கரை நிலம். நற்றிணையின் 331ஆம் பாடல் உப்பு விளைப்போரை ஏர் பிடியாத உழவராகக் காட்டுகிறது. களரோ பெரும்பாலும் பயனின்மையைச் சுட்டுகிறது. கல்லாதவர் விளைவு தராத களரைப் போன்றவர் என்பது வள்ளுவர் கருத்து (குறள் 406).

புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுக்கும் பெண்ணைக் காட்டுகிறது. வெளுத்தலுக்கு உதவுவது சோற்றுப்பன்று, காரமே. சோடியம் கார்பனேட்டு மிகுந்த மண்ணில் ஊறும் நீர் அழுக்கை எளிதில் நீக்கும். இங்குக் களர் என்பது காரத்தன்மை மிக்க நிலம் எனக் கொள்ள இடமுண்டு.

எனினும், இலக்கியம் முழுவதிலும் இவ்வரையறை நிலைக்கவில்லை. களரில் பிறந்த உப்பைச் சான்றோர் நன்செய் நெல்லினும் மேலாக மதிப்பர் என்கிறது நாலடியார் (133). ஆங்கே உப்பைத் தருவது களர். ஆடை வெளுக்கப் பயன்பட்ட கார மண்ணுக்கோ உவர்மண் என்பது பெயராயிற்று. இவ்வாறு ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்கியதால், களருக்கு உவர்நிலம் என்றே பொருள் கூறும் அகராதி மரபு உருவாயிற்று. பண்டைய வழக்கை நோக்க அது பிழையன்று. இக்கால வழக்கிற்கு அது போதாது.

அறிவியல் வரையறை

உப்புமண்களை வகைப்படுத்தும் அளவீடுகளை அமெரிக்க உவர்மண் ஆய்வகத்தின் 1954ஆம் ஆண்டுக் கையேடு நிலைபெறச் செய்தது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேற்பட்டு, கார அமில நிலை 8.5க்கு உட்பட்டிருப்பின் அது உவர்மண். மின்கடத்துதிறன் 4க்குக் குறைந்து, கார அமில நிலை 8.5ஐ மிஞ்சி, களித்துகள்களில் ஒட்டியுள்ள நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டினால் அது களர்மண். இரு குறைகளும் சேர்ந்திருப்பது களர்-உவர் மண்.

உவர்மண்ணில் கரையும் உப்பு மிகுதி. மேற்பரப்பில் வெண்மையாக உப்புப் பூக்கும். நீர் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. களர்மண்ணில் சோடியம் களித்துகள்களைப் பிரித்துச் சிதறச் செய்கிறது. அதனால் மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. நனைந்தால் குழைந்தும் உலர்ந்தால் இறுகியும் போகும் அம்மண்ணில் நீர் இறங்காமல் தேங்கும்.

இதனால் திருத்தும் முறையும் வேறுபடுகிறது. உவர்நிலத்திற்கு வரப்புக் கட்டி நல்ல நீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்றினால் போதும். களர்நிலத்திற்கு நீர் மட்டும் பயன்தராது. ஜிப்சம் இட்டு நீர் தேக்கினால் அதன் கால்சியம் களித்துகளில் உள்ள சோடியத்தை விலக்கும். விலகிய சோடியம் சல்பேட்டாக வடியும். பின்னர்த் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுவது மண்கட்டமைப்பைச் சீராக்கும்.

ஆரணியாற்றுப் படுகையில் இவ்வேறுபாட்டின் தேவை

சென்னையின் குடிநீர்த் தேவைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்குமாக மீஞ்சூர் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் வழி நீர் இறைக்கப்பட்டது. பாசனத்திற்கான இறைப்பும் பெருகவே, மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. 1969 அளவில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை உணரப்பட்ட உப்புநீர், பின்னர் மேலும் பல கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்தது. நிலத்தடி நீர் எடுப்பை ஒழுங்குபடுத்த 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

கடல்நீரில் கால்சியத்தினும் சோடியம் பன்மடங்கு மிகுதி. அது கலந்த கிணற்றுநீரைப் பாய்ச்சும் நிலம் முதலில் உவராகும். உப்பு மிகுந்திருக்கும் வரை களித்துகள்கள் திரண்டே நிற்பதால் மண்ணில் நீர் இறங்கும். பின்னர் மழைநீரோ நன்னீரோ கரையும் உப்பைக் கழுவிச் செல்ல, துகளில் ஒட்டிய சோடியம் எஞ்சிவிடக்கூடும். அப்போது மண் சிதறி நீர் இறங்காத நிலை தோன்றுகிறது, உவர் களராகிறது. எனவே கடல்நீர் புகுந்த படுகையில் இவ்விரு சொற்களும் ஒரே வயலின் அடுத்தடுத்த இரு நிலைகளைக் குறிக்கக்கூடும். முதல் நிலைக்கு ஏற்ற மருந்தை மட்டும் செய்து நிறுத்துவோர் இரண்டாம் நிலையைத் தாமே வரவழைத்துக்கொள்வர்.

கலைச்சொல்லும் பயன்பாடும்

2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் உழவருக்கு வழங்கப்படும் அட்டையில் கார அமில நிலை, மின்கடத்துதிறன் ஆகிய இரண்டும் இடம்பெறுகின்றன. முன்னது களரையும் பின்னது உவரையும் அறியத் துணைசெய்யும். கார அமில நிலையைக் களர் அமில நிலை என எழுதும் வழக்கும் வேளாண் தமிழில் உண்டு. களரைக் காரத்தோடு இணைக்கும் அவ்வழக்கு புறநானூற்றுக் கிணற்றின் பொருளுக்கு அணுக்கமானது. ஆயினும், உழவர் பேச்சில் இரு சொற்களும் கலந்தே வழங்குகின்றன. களர் நிலம் என உழவர் கூறுவதைக் கேட்ட அளவில் ஜிப்சம் பரிந்துரைப்பதும், களர், உவர் இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பதும் வீண் செலவிற்கும் விளைச்சல் இழப்பிற்கும் வழிவகுக்கும்.

முடிவுரை

களர், உவர் என்பன இலக்கிய வழக்கில் ஒன்றையொன்று தழுவியும் அறிவியல் வழக்கில் தனித்தும் நிற்பன. அகராதிகள் இவ்விரு வழக்குகளையும் வெவ்வேறு பொருட்கூறுகளாகப் பதிவுசெய்தல் வேண்டும். வேளாண் நூல்களும் துண்டறிக்கைகளும் இச்சொற்களை ஆளுமிடத்து நிலத்தின் அடையாளத்தையும் ஆய்வு அளவையும் உடன் தருதல் நலம். புதிய சொல் படைக்கத் தேவையில்லாத இடம் இது. வழக்கிலுள்ள இரு சொற்களின் எல்லையை வரையறுப்பதே இங்குக் கலைச்சொற் பணியாகும். உப்புநீரோடு போராடும் ஆரணியாற்றுப் படுகை போன்ற பகுதிகளில் அப்பணி மொழியாய்வோடு நில்லாது மண்ணைக் காக்கும் பணியாகவும் அமைகிறது.