மொனாட்: ஒரு சொல்லும் அதன் பொருள் வேறுபாடுகளும்

முன்னுரை

ஒரு துறையில் பிறந்த சொல் பிற துறைகளுக்குச் செல்லும்போது அதன் பொருளும் உடன் செல்கிறதா, பெயர் மட்டுமே செல்கிறதா என்பது கலைச்சொல்லாக்கத்தில் எழும் முதன்மையான வினாவாகும். 'ஒன்று', 'அலகு' எனப் பொருள்படும் 'மொனாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த 'மொனாட்' இதற்குத் தக்க சான்றாகும். மெய்யியல், கணிதம், கணினியியல் ஆகிய துறைகளில் அது பெறும் பொருள்களை ஒப்பிட்டு, அதற்கு ஒரே தமிழ்ச்சொல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்யியலில்

யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் ஏழாம் பகுதி, எண் என்பதை அலகுகளின் தொகுதியாக வரையறுக்கிறது. அவ்வரையறைப்படி ஒன்று என்பது எண்ணன்று. எண்கள் ஆவதற்கு மூலமாவது. லைப்னிட்ஸ் 1714-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய 'மொனாடாலஜி'யில் இச்சொல் உலகின் அடிப்படைப் பொருளைக் குறிக்கிறது. அவர் கருத்துப்படி மொனாட் கூறுகளற்றது; ஆதலின் அது கூறுகள் சேர்ந்து தோன்றுவதுமில்லை, பிரிந்து அழிவதுமில்லை. ஒரு மொனாட் மற்றொன்றினுள் மாற்றம் விளைவிக்க இயலாது. அவற்றிடையே காணப்படும் இசைவு இறைவனால் முன்னரே அமைக்கப்பட்டதாகும்.

கணிதத்தில்

கணிதத்தில் இச்சொல்லுக்கு இருவேறு பொருள்கள் உள்ளன. ஆபிரகாம் ராபின்சன் 1960-களில் உருவாக்கிய பகுப்பாய்வு முறையில், ஒரு மெய்யெண்ணுக்கு அளவிறந்து நெருங்கிய எண்களின் கணம் அதன் மொனாட் எனப்படுகிறது. லைப்னிட்ஸின் நுண்ணளவுகளுக்குப் புதிய அடித்தளம் அமைத்த முறை இது. எனவே இங்குப் பெயருறவு வெளிப்படை.

வகைமைக் கோட்பாட்டின் மொனாட் வேறு. ஐலன்பெர்க்கும் மூரும் 1965-இல் 'மும்மை' என்னும் பொருள்பட அழைத்த அமைப்பே அது. ஓர் அமைப்பாக்க முறை, தனிப்பொருளை அவ்வமைப்பினுள் இடும் விதி, ஈரடுக்கை ஓரடுக்காக்கும் விதி ஆகியன அதன் மூன்று உறுப்புகள். பட்டியலைக் கொண்டு இதனை விளக்கலாம். 3 என்னும் எண்ணை (3) என்னும் பட்டியலாக்குவது முதல் விதி. ((1,2),(3)) என்பதை (1,2,3) ஆக்குவது இரண்டாம் விதி. மூவடுக்குப் பட்டியலில் உள்ளடுக்கை முதலில் நீக்கினாலும் வெளியடுக்கை முதலில் நீக்கினாலும் விளைவு ஒன்றாதல் வேண்டும்.

கணினியியலில்

எவ்ஜீனியோ மொஜ்ஜி 1989-இல் நிரல்களின் பொருளை விளக்க இவ்வமைப்பைப் பயன்படுத்தினார். பிலிப் வாட்லர் அதனை நிரலாக்க உத்தியாக்கினார். ஹாஸ்கெல் மொழி அதனை ஏற்றது. ஓர் எண்ணை 0-ஆல் வகுத்தால் விடையில்லை. அத்தகைய கணக்கீடுகள் பல தொடரும்போது ஒவ்வொரு படியிலும் விடை உண்டா எனத் தனித்தனியே வினவ வேண்டியிருக்கும். 'விடை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்னும் நிலையை மொனாடாக அமைத்தால், ஒரு படி பொய்த்ததும் எஞ்சியவை தாமே தவிர்க்கப்படும். படிகளைத் தொடுப்பதே இங்கு மொனாடின் பணி.

முடிவுரை

லைப்னிட்ஸின் மொனாட் கூறுகளற்றது. வகைமைக் கோட்பாட்டு மொனாட் மூன்று உறுப்புகளால் ஆனது. முன்னது பிறவற்றோடு தொடர்பற்றது. கணினியியல் மொனாட் தொடர்புறுத்தவே பயன்படுவது. கணினியியல் தன் கருத்தை வகைமைக் கோட்பாட்டிலிருந்து பெற்றதேயன்றி மெய்யியலிலிருந்து பெறவில்லை. எனவே 'ஒருமை' என்னும் தமிழ்ச்சொல் கிரேக்க மெய்யியற் பொருளுக்குப் பொருந்தினும், பின்னிரு துறைகளில் கற்போரைப் பிறழ உணரச் செய்யும். அங்கு 'மொனாட்' என்னும் ஒலிபெயர்ப்பை ஆள்வதே தெளிவு தரும். கலைச்சொல் அமைப்போர் வேர்ச்சொல்லை மட்டுமன்றி, அத்துறையில் சொல் ஆற்றும் பணியையும் நோக்குதல் இன்றியமையாதது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.