உத்திரமேரூர்க் கல்வெட்டும் இணைய முதலீடும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் கி.பி. 921ஆம் ஆண்டிற்குரியது, ஊர்ப் பணியாற்றும் வாரியங்களுக்குத் தகுதியுடையோர் யாவர் என வரையறுக்கின்றது. இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது எனத் தகுதிகள் நீள்கின்றன. முன்பு வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அறிந்த முகங்களையே இவ்வாறு ஆராய்ந்த பின்னர்தான் ஓலையிற் பெயரெழுதிக் குடத்தில் இட்டனர்.

ஆராயாது அயலானை நம்பினால் அத்துன்பம் வழித்தோன்றல்களையும் விடாது என்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் பணிக்கின்றது திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 282ஆம் வசனம்.

இவற்றைப் பயின்ற நாம் செய்வது என்ன? மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்ற சொல்லை நம்பி, சென்னையின் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 2,438 கோடி ரூபாய் செலுத்தினர் என்பது 2022இல் தொடங்கிய பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு. அங்கே தட்டுவதற்கு ஒரு கதவேனும் இருந்தது. இன்றைய போலிச் செயலிகளுக்கு அதுவும் இல்லை.

வாட்ஸப் குழுவில் அழைப்பு வரும். செயலியில் இலாபம் நாள்தோறும் வளரும். முதலில் சிறுதொகை திரும்பக் கிடைக்கும். பெருந்தொகையைக் கேட்கும்போது ‘வரி கட்டுக’ என்பர். அங்கே பங்கும் இல்லை, சந்தையும் இல்லை. திரையில் ஓடுவன வெறும் எண்களே. பணமோ பிறர் வங்கிக் கணக்குகள் வழியே மறைகின்றது. தரகுக்காகத் தம் கணக்கை இரவல் தரும் மாணவரும் வழக்கில் சிக்குவர் என்பதை நம் மாணவச் செல்வங்கள் மறத்தலாகாது.

கல்வெட்டின் ‘வாரியம்’ என்னும் சொல்லே இன்று இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியத்தின் (செபி) பெயரில் வாழ்கின்றது. பங்கு வணிகத்திற்கு அழைப்பவரின் பதிவெண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்த்தல் வேண்டும். அந்நியச் செலாவணி வணிகத்திற்கு உரிமம் பெறாத 34 நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலை இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. பின்னரும் பெயர்கள் சேர்ந்தன. ஆயினும் பட்டியலில் இல்லாமை உரிமம் ஆகாது. பணம் இழந்தோர் நாணி மறைக்காது, உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுதல் வேண்டும். விரைந்தால் போகும் பணத்தை வழியிலேயே முடக்க இயலும்.

நம் பெரியோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் நம்மிடம் உள்ள அமானிதம். ஓலையைக் குடத்திலிடுமுன் ஆளை ஆராய்ந்த ஊரினர் நாம். பணத்தைச் செயலியிலிடுமுன் ஒரு பதிவெண்ணையேனும் கேட்போம்.