செவிவழிச் செல்வம்

கல்வியைக் கண் என்று போற்றுதல் நம் முன்னோர் மரபு. எழுத்தைக் கண்டு படிக்கும் வாய்ப்பில்லாதவர் கல்விப் பயனை அடைதற்கு வழி இல்லையோ என்னும் வினாவும் அவர்கள் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு அவர்கள் விடையும் கண்டனர். கற்றவர் கூறக் கேட்டு அறிவு பெறுதலைக் ‘கேள்வி’ என்று பெயரிட்டு, அதனையும் ஒரு செல்வமாக மதித்தனர். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருத்தல் கருதத்தக்கது. கல்லாமை என்னும் நோய்க்குக் கேள்வியே மருந்து என்பது அவ்வைப்பு முறையாற் புலனாகும். திருக்குறளின் பெயரையும் அறியாத தொலைநாட்டு உழைப்பாளர் சிலர் இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையிற் கண்டறிந்தனர். அவர்கள் ஒன்றுகூடி நூல்களைக் கேட்டு இன்புற்ற வரலாறு அறிந்து போற்றுதற்குரியது.

கரிபியக் கடலின் வடபால் நீண்டு கிடக்கும் தீவு கியூபா. அதன் தலைநகர் ஹவானா. அத்தீவில் விளையும் புகையிலை உலகெங்கும் பெயர் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் கியூபா ஸ்பெயின் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்தே ஹவானா நகரிற் சுருட்டுத் தொழிற்சாலைகள் பல எழுந்தன. நீண்டதொரு கூடம், அதில் வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்கு முன்னும் ஒரு தொழிலாளி. இலையைப் பரப்பிப் பிறைபோல் வளைந்த சிறு கத்தியால் அளவாக நறுக்கி, உள்ளிலைகளை அடுக்கி, மேலிலையால் இறுகச் சுற்றி முடித்தல் அவர் தொழில். காலை முதல் மாலைவரை கை ஒன்றனையே திரும்பத் திரும்பச் செய்யும். கைக்கு ஓய்வில்லை, உள்ளத்திற்கோ வேலையில்லை. இயந்திரம் இல்லாத கூடம் ஆதலின் ஆங்குப் பேரோசையும் இல்லை. கையும் கண்ணும் தொழிலிற் கட்டுண்டு கிடக்க, செவி ஒன்றே கட்டின்றி இருந்தது. அச்செவியின் வழியே அறிவு தேடியதுதான் அத்தொழிலாளர் செய்த புதுமை.

1865-ஆம் ஆண்டு அத்தொழிலாளர் வாழ்வில் ஒரு விடியலாக அமைந்தது. சுருட்டுத் தொழிலாளியும் கவிஞருமாகிய சாத்தூர்னினோ மார்ட்டினெஸ் என்பார் தொழிலாளர்க்கென ஓர் இதழைத் தொடங்கினார். ‘லா அவுரோரா’ என்பது அதன் பெயர். வைகறை என்பது அதன் பொருள். இதழ் அச்சாகி வந்தது. ஆனால் தொழிலாளருள் எழுத்தறியாதார் பலர். படிக்க அறியாதவர்க்கு இதழால் என்ன பயன்? இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழி பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ‘எல் பீகாரோ’ என்னும் தொழிற்சாலையில் ஒருவர் எழுந்து உரத்த குரலில் நூலொன்றைப் படித்தார். ஏனையோர் சுருட்டிக்கொண்டே கேட்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பார்த்தகாஸ் என்னும் பெரிய தொழிற்சாலையிலும் இவ்வழக்கம் புகுந்தது. பின்னர் அது தொழிற்சாலைதோறும் பரவியது.

படிப்பவரை ஸ்பானிய மொழியில் ‘லெக்டோர்’ என்பர். தொடக்கத்தில் அவரும் தொழிலாளருள் ஒருவரே. அக்கூடத்தில் எத்தனை சுருட்டுச் செய்தாரோ அத்தனைக்கே கூலி. ஆகவே, படிக்க எழுந்தவர் அவ்வளவு நேரத்துக் கூலியை இழந்தார். அவ்விழப்பை ஏனையோர் தம் வருவாயிற் சிறுபங்கு அளித்து ஈடு செய்தனர். பிற்காலத்தில் படித்தலையே தொழிலாகக் கொண்டவர் தோன்றியபோதும் அவர்க்கு ஊதியம் அளித்தவர் முதலாளி அல்லர், கேட்ட தொழிலாளரே. எந்நூலைப் படிப்பது என்பதனையும் அவர்களே தேர்ந்தனர். சில நூல்களின் பெயர் கூறப்படும், தொழிலாளர் வாக்களிப்பர், பெரும்பான்மை பெற்ற நூல் படிக்கப்படும். தம் நாட்டை ஆள்வார் யார் என்பதில் வாக்கில்லாத அவ்வேழையர், தாம் கேட்கும் நூல் எது என்பதில் வாக்குப் பெற்றிருந்தனர். ஒரு பகுதி நன்றாகப் படிக்கப்பட்டால் அவர்கள் கைதட்டுவதில்லை. தம் பிறைக்கத்தியால் மேசைப் பலகையைத் தட்டுவர். அவ்வொலியே அவர்தம் பாராட்டு.

செய்தித்தாள்கள் ஒரு வேளையிலும், கதை நூல்கள் பிறிதொரு வேளையிலும் படிக்கப்பட்டன. செர்வாண்டிஸ், விக்டர் யூகோ, எமிலி சோலா, டால்ஸ்டாய் முதலியோரின் நூல்களை அவர்கள் விரும்பிக் கேட்டனர். அவற்றுள்ளும் அலெக்சாண்டர் டூமா என்னும் பிரெஞ்சு ஆசிரியர் இயற்றிய ‘மாண்டி கிறிஸ்டோ கோமகன்’ என்னும் புதினம் அவர்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அது 1844 முதல் 1846 வரை பாரிசு நகரத்து நாளிதழ் ஒன்றில் தொடர்கதையாக வெளிவந்தது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கேட்பதற்கு அதனினும் ஏற்ற கதை வேறு யாது? இன்று கேட்டவர் நாளை என்னாகுமோ என்று ஏங்கி வீடு திரும்புவர். அவ்வாசிரியரின் பாட்டியார் கியூபாவிற்கு அண்மையில் உள்ள ஒரு தீவில் அடிமைப்பட்டு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்மணி என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. கியூபாவிலோ 1886-ஆம் ஆண்டு வரையில் அடிமைமுறை முற்றும் ஒழியவில்லை. ஆகவே, சிறையும் விடுதலையும் பற்றிய அக்கதை அக்கூடத்தில் இருந்தோர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

அக்கதைத் தலைவன் எட்மண்ட் டான்டே என்னும் இளம் மாலுமி. குற்றம் ஏதும் செய்யாத அவனைப் பொறாமை கொண்டோர் சூழ்ச்சியாற் சிறைப்படுத்துகின்றனர். மார்சேல் துறைமுகத்தை அடுத்த தீவுச் சிறையில் 14 ஆண்டுகள் அவன் வாடுகின்றான். உயிரையும் வெறுத்திருந்த நிலையில், பக்கத்து அறையில் அடைபட்ட ஃபாரியா அடிகள் என்னும் முதியவர் நிலத்தைக் குடைந்து அவன் அறைக்கு வந்து சேர்கின்றார். அவர் பெரும்புலவர்; 150 நூல்களை நெஞ்சிற் பதித்து வைத்திருப்பவர். புத்தகம் இல்லாத அவ்விருட்சிறையில் அவர் வாய்ச்சொல்லே புத்தகமாகின்றது. கணிதமும் வரலாறும் பன்மொழிகளும் அவனுக்கு வாய்க்கின்றன. ‘யார் உனக்குப் பகைவர்?’ என்று அவர் வினவி ஆராய, தனக்கு நேர்ந்த சூழ்ச்சியையும் அவன் அப்பொழுதுதான் விளங்கிக்கொள்கின்றான்.

இப்பகுதியைச் சுருட்டுச் சாலையில் இருந்து கேட்டோர் நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். டான்டேக்குச் சிறை, அவர்கட்கு மேசை. அவனுக்கு ஃபாரியா அடிகள். அவர்கட்கு மேடைமேல் இருந்து படிப்பவர். அவனும் கேட்டே கற்றான். அவர்களும் கேட்டே கற்றனர். அவன் தன் நிலையின் காரணத்தை உணர்ந்தவாறே அவர்களும் தம் வறுமையின் காரணத்தை ஆராயத் தலைப்பட்டனர்.

கதை அதனோடு முடிவதில்லை. சிறையினின்று தப்பிய டான்டே பெருஞ்செல்வம் பெற்று, மாண்டி கிறிஸ்டோ கோமகன் என்னும் பெயருடன் வந்து பகைவரைத் தனித்தனியே பழிவாங்குகின்றான். ஆயின், அப்பழியின் விளைவாக மாசற்ற சிறுவன் ஒருவனும் உயிரிழக்கின்றான். அதனைக் கண்டு, தான் செய்தது அறமோ என்று அவன் உள்ளம் நடுங்குகின்றது. தீமை செய்தாரை ஒறுத்தல் முறையா? ஒறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்கள் கேட்போரைச் சும்மா விடா. தனியே படிப்பவன் தனக்குள்ளே எண்ணி அமைவான். கூடிக் கேட்பவர் ஒருவரோடொருவர் சொல்லாடி ஆராய்வர். ஒருவர் காணாததை மற்றொருவர் காட்டுவார். நூலைக் கூடிப் படிப்பதன் சிறப்பு இதுவே.

எண்ணத் தொடங்கிய தொழிலாளரைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். 1866-ஆம் ஆண்டில் கியூபாவின் ஆளுநர் தொழிற்சாலைகளில் நூல் படித்தலைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். தொழிலாளர் கவனத்தை அது சிதைக்கின்றது என்பது கூறப்பட்ட காரணம். அறிவு பெற்றோர் அடங்கி இரார் என்பதே உண்மைக் காரணம். 1868-இல் விடுதலைப் போர் மூண்டது. தொழிலாளர் பலர் கடல் கடந்து அமெரிக்க நாட்டின் புளோரிடாவிற்குச் சென்றனர். தம் கத்தியோடும் கைத்திறனோடும் நூல் கேட்கும் வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். கீ வெஸ்ட் நகரிலும், பின்னர்த் தாம்பா நகரைச் சார்ந்த ஈபோர் நகரிலும் மேடைகள் எழுந்தன. 1891-ஆம் ஆண்டில் கியூபா விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி தாம்பாவிற்கு வந்து இத்தொழிலாளரிடையே சொற்பொழிவாற்றினார். அவர்கள் தம் சிறு வருவாயினின்றும் நாட்டின் விடுதலைக்குப் பொருள் உதவினர்.

காலம் மாறியது. சுருட்டு செய்யும் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் ஓசையில் மனிதக் குரல் அமிழ்ந்தது. படிப்பவரே தொழிலாளரைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகின்றார் என்று முதலாளிகள் கருதினர். 1931-ஆம் ஆண்டின் இறுதியில் தாம்பா முதலாளிகள் நூல் படித்தலை நிறுத்தி, மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். கூலி உயர்வு வேண்டி வேலை நிறுத்தம் செய்தோர் பலர். நூல் கேட்கும் உரிமைக்காகக் கூலியையே இழக்கத் துணிந்தோர் இவர். ஆயினும் அவர்கள் தோற்றனர். மேடைகள் மீளவில்லை, வானொலிப் பெட்டிகள் அவ்விடத்தை அடைந்தன. வானொலி பேசும்; ஆனால் எதைப் பேசவேண்டும் என்று வாக்கெடுப்பதில்லை.

தாம்பாவில் மறைந்த அவ்வழக்கம் கியூபாவில் மறையவில்லை. தடைகளைக் கடந்து 1880-ஆம் ஆண்டுகளில் மீண்டும் தழைத்த அது, இன்றளவும் அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் நிலவுகின்றது. 2012-ஆம் ஆண்டில் கியூபா அரசு அதனை நாட்டின் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. தொழிலாளரின் கதை விருப்பத்திற்குச் சான்றாக, 1935-இல் தோன்றிய ஒரு சுருட்டு வகை ‘மாண்டி கிறிஸ்டோ’ என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சுருட்டு உடற்குத் தீங்கு தருவது, எரிந்து சாம்பலாவது. அதனைச் செய்த கைகளுக்குரியோர் செவிவழிப் பெற்ற செல்வமோ எரியாது, குறையாது. எழுதப் படிக்க அறியாமை அவர்கட்கு நேர்ந்த குறை. கேட்டேனும் அறிவோம் என்று துணிந்தது அவர்கள் தேடிக்கொண்ட பெருமை. நூல் நிலையமும் பள்ளியும் அருகில் இருக்கப் பெற்றவர் அப்பேற்றின் அருமையை உணர்தல் அரிது. நண்பர் நால்வர் கூடி, ஒருவர் படிக்க மூவர் கேட்டு, கேட்டதனை ஆராய்ந்து பேசுவதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு நூலும் சிறிது நேரமும் போதும். அந்நேரத்தையும் கூலி கொடுத்து வாங்கிய உழைப்பாளரை நினைப்போமாயின், கிடைத்த நேரத்தை வீணே கழிக்க நம் மனம் ஒருப்படாது.