புள்ளி ஒளியும் கருந்துளைத் தாரையும்

1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியலாளர் கூனோ ஹோஃப்மைஸ்டர், பல்லி என்னும் விண்மீன் குழுவில், ஒளி கூடியும் குறைந்தும் தோன்றிய ஒரு புள்ளியைக் கண்டார். அது மாறொளி விண்மீன் எனக் கருதப்பட்டு, 'பிஎல் லாசெர்ட்டே' எனப் பெயர்பெற்றது. அப்புள்ளியிலிருந்து ரேடியோ அலைகளும் வருகின்றன என்பது 1968இல் அறியப்பட்டது. பின்னர், அது விண்மீன் அன்று, ஏறத்தாழ 90 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் திரளின் நடுப்பகுதி என்பது தெளிவாயிற்று.

அந்நடுப்பகுதியில் மாபெரும் கருந்துளை ஒன்று உள்ளது. அதனை நோக்கி விழும் பொருளில் ஒரு பகுதி உள்ளே செல்லாமல், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தாரையாகப் பீறிடுகிறது. அத்தாரை பூமியின் திசையை நோக்கியிருப்பதால், அதன் ஒளி நமக்கு மிகுந்து தோன்றுகிறது.

இவ்வொளி சில மணி நேரத்திலேயே மாறுவதுண்டு. ஒளி பிறக்கும் இடம் மிகப் பெரியதாயின், அதன் அருகுப்பகுதி ஒளியும் தொலைப்பகுதி ஒளியும் வெவ்வேறு வேளைகளில் வந்துசேரும்; மாற்றம் மெல்லவே புலப்படும். ஆதலால், விரைந்து மாறும் ஒளி தான் பிறந்த இடம் சிறியது என உணர்த்துகிறது. அளவுகோல் எட்டாத இடத்தின் அளவைக் கடிகாரம் அளந்து தருகிறது.

சொற்பொருள்
தாரை – பீறிட்டுப் பாயும் ஒழுக்கு
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு
புலப்படும் – தெரியவரும்

விடை எழுதுக
1. பிஎல் லாசெர்ட்டே முதலில் எவ்வாறு கருதப்பட்டது?
2. தாரையின் ஒளி நமக்கு மிகுந்து தோன்றுவது ஏன்?
3. 'கடிகாரம் அளந்து தருகிறது' என்பதை விளக்குக.