இணையவழிப் பாடமும் தோட்டவழிப் பாடமும்
(நிலாவெளி வெங்காயச் செய்கையாளருக்கு)

வளர்ந்தோர்க்குக் கற்பித்தல் சிறுவர்க்குக் கற்பித்தலினின்றும் வேறுபட்டதாகும். கமக்காரர் பல்லாண்டு அநுபவத்துடன் பாடத்துக்கு வருகின்றார். கேட்டதைத் தம் நிலத்தில் வைத்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வார். ஆதலின் கைப்பேசியில் வரும் பாடம் எத்துணைச் சிறந்ததாயினும் பாதிப் பாடமே.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1956ஆம் ஆண்டில் இந்தியாவின் அன்றைய பம்பாய் மாநிலத்தில் 150 கிராமங்களில் வானொலிக் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. கிராமத்தவர் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்டனர், பின்னர் விவாதித்தனர், தீராத ஐயங்களை நிலையத்துக்கு எழுதி விடை பெற்றனர். வானொலிப் பெட்டி மாத்திரம் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களில் அறிவு வளர்ச்சி மிகக் குறைவாகவே காணப்பட்டது. பெட்டி ஒன்றே, கூடிப் பேசியமையே வேறுபாடு.

நமது மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தை நோக்குவோம். "இலை சுருளுகின்றது" என ஒருவர் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவைக்கு அறிவிக்கின்றார் என்க. இலைப்பேன் என்னும் நுண்பூச்சி சாற்றை உறிஞ்சினாலும் இலை வளையும். பங்கசு நோயாலும் இலை முறுகும். முன்னதில் இலையின்மேல் வெள்ளிநிறக் கீறல்கள் தோன்றும். உள்ளிலையின் அடியை விரித்தால் பூச்சி தென்படும். பின்னதில் கழுத்து நீண்டு, குமிழ் சிறுக்கும். பங்கசு நோய்க்குப் பூச்சிநாசினி தெளிப்பவர் பணத்தையும் இழப்பார், பயிரையும் இழப்பார். சொல்லை மாத்திரம் கேட்டு இவற்றை வேறுபடுத்தல் எவர்க்கும் அரிது.

ஆயினும் தொலைவழிப் பாடத்தைத் தள்ளிவிடலாகாது. மழைநாளில் நோய் விரைந்து பரவும். போதனாசிரியர் ஒரே நாளில் எல்லாத் தோட்டங்களுக்கும் செல்லவியலாது. மேலும், ஒலிப்பாடத்தை வேண்டிய தடவை திரும்பக் கேட்கலாம். எழுத்தறியாத முதியவருக்கு இது பெரிதும் உதவும்.

எனவே அயற்குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு குழுவாதல் நன்று. எல்லோரிடமும் இணைய வசதி இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஒரு கைப்பேசி போதும். அதனை இயக்க வீட்டுப் பிள்ளை உதவலாம், ஆனால் பாடத்தைக் கேட்பவர் மண்வெட்டி பிடிப்பவராக இருத்தல் வேண்டும். பெண்களை விலக்கலாகாது, களை பிடுங்குகையில் நோயை முதலிற் காண்பவர் பெரும்பாலும் அவர்களே.

போதனாசிரியர் வருவதற்கு முந்திய மாலையில் பாடத்தைக் கேட்டு, எழுந்த வினாக்களைக் குறித்துக்கொள்க. ஐயத்துக்குரிய செடியின் இலை, கழுத்து, குமிழ் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து அவருக்கு அனுப்புக. அவர் வரும் நாளில் நோயுற்ற செடியொன்றையும் நற்செடியொன்றையும் வேருடன் பிடுங்கி அருகருகே வைத்துக் காட்டுக. மருந்து தெளித்திருப்பின் அதன் பெயரையும் தெளித்த நாளையும் மறையாது கூறுக.